வெறுஞ்சுமை என்று பெயர், வீண்சுமை அல்ல: பேலஸ்ட் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல் ஆயிரக்கணக்கான டன் கடல்நீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போகிறது, அதற்குப் பேலஸ்ட் என்று பெயர் சொல்கிறார்கள். ரயில் பாதையில் கொட்டும் கருங்கல் ஜல்லிக்கும் பேலஸ்ட் என்றே பெயர், டியூப் லைட்டின் சோக்குக்கும் அதே பெயர். மூன்றும் ஒரே சொல்தானா, காசு கிடைக்காத தண்ணீரை எண்ணெய் எரித்துச் சுமப்பது வீண் இல்லையா என்று கேட்கிறார். பார்வைக்கு இவை இரண்டு கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: யாரும் கூலி தராத ஒரு பாரத்தை மனிதர்கள் ஏன் தாமாகவே விரும்பிச் சுமக்கிறார்கள்?

நான் மொத்தச் சரக்குக் கப்பல்களில், அதாவது நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்களில், 26 ஆண்டுகள் வேலை செய்தவன். அவற்றில் பல ஆண்டுகள் சீஃப் ஆபீசராக இருந்தேன். கப்பலில் பேலஸ்ட்டைக் கணக்கிடுவதும், ஏற்றி இறக்குவதும், அது தவறாகப் போனால் பதில் சொல்வதும் அந்தப் பதவியின் பொறுப்பு. ஆகவே கப்பலைப் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ரயில் பாதையையும் மின்விளக்கையும் பற்றிச் சொல்வது, அந்தத் துறைகளில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. அங்கே அடிப்படையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஒடிசாவின் பாராதீப்பில் நிலக்கரி ஏற்றித் தூத்துக்குடிக்கோ எண்ணூருக்கோ வரும் 55,000 டன் வகைக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கப்பலின் சொந்த எடை ஏறத்தாழ 10,000 டன், அகலம் 32 மீட்டர். முழுச் சரக்கோடு வரும்போது அதன் அடிப்பகுதி 12 மீட்டருக்கு மேல் நீருக்குள் இருக்கும். நிலக்கரி முழுவதையும் இறக்கிவிட்டு எதையும் ஏற்றாமல் விட்டால் அது இரண்டரை, மூன்று மீட்டருக்கு மேல் அமிழாது. இயந்திரம் பின்பக்கம் இருப்பதால் முன்பக்கம் அதைவிடவும் உயர்ந்து, காலி டப்பாவைப் போல நீர்மேல் நிற்கும். அப்போது ஏறக்குறைய 6 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் பாதி நீருக்கு வெளியே காற்றில் சுற்றும். சுக்கான் நீரில் போதிய பிடி இல்லாமல் கப்பலைத் திருப்பத் திணறும். பல மாடி உயரத்துக்கு வெளியே தெரியும் இரும்புச் சுவர் பாயைப்போலக் காற்றை வாங்கிக் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அலையில் முகப்பு மேலே தூக்கப்பட்டு மீண்டும் கீழே விழும்போது அடித்தகடு நீரில் அறைபடும். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை வந்துவிட்டால் இத்தனையும் சேர்ந்தே நடக்கும். அந்தக் கப்பலில் நான் ஏற்றும் 15,000 டன் கடல்நீர் முதலில் செய்வது, புரொப்பெல்லரையும் சுக்கானையும் முகப்பையும் நீருக்குள் கொண்டுவந்து, காலிக் கப்பலைச் செலுத்தக்கூடிய கப்பலாக ஆக்குவது. எண்ணெய்ச் செலவு உண்மைதான், ஆனால் காற்றைக் கடையும் புரொப்பெல்லர் எரிக்கும் எண்ணெய்தான் உண்மையில் வீண்.

அடுத்த வேலை, கப்பல் சாய்ந்தால் நிமிர்வதற்கான வலுவைச் சரியான அளவில் வைப்பது. இதைப் பலர் தலையாட்டிப் பொம்மையை வைத்து விளக்குவார்கள்: தஞ்சாவூர்ப் பொம்மையின் அடியில் களிமண் கனமாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடுகிறது, கப்பலின் அடியில் கனம் வைப்பதும் அதைப் போலத்தான் என்பார்கள். தொடக்கத்துக்கு நல்ல உவமை, ஆனால் பாதி உண்மை. அடியில் கனம் கூடக்கூடக் கப்பல் வெடுக்கென்று நிமிரும். அப்படிப்பட்ட கப்பலை நாங்கள் ஸ்டிஃப் என்போம். 32 மீட்டர் அகலக் கப்பலில், மெட்டாசென்டர் என்ற கணக்குப்புள்ளிக்குக் கீழே ஈர்ப்பு மையம் 1 மீட்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப ஏறத்தாழ 25 விநாடி ஆகும். அந்தத் தாழ்வு 4 மீட்டரானால் 13 விநாடிக்குள் முடிந்துவிடும், 7 மீட்டரானால் 10 விநாடிக்கும் குறைவு. பத்து விநாடிக்கு ஒருமுறை இரு பக்கமும் தூக்கி எறியப்படும் கப்பலில் சமையலறைப் பாத்திரம் மட்டுமா பறக்கும்? கட்டிவைத்த சங்கிலி அறுபடும், மனிதர்கள் விழுந்து எலும்பு முறியும். மறுபக்கம், தாழ்வு மிகக் குறைவாக இருந்தால் கப்பல் சோம்பலாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே தயங்கி நிற்கும். இது டெண்டர். இரண்டில் அச்சம் தருவது இதுதான், ஏனென்றால் அது உடம்புக்குச் சுகமாக இருக்கும், ஆபத்தை உணர்த்தாது.

ஆகவே மொத்தச் சரக்குக் கப்பலில் பேலஸ்ட் நீர் முழுவதும் அடியில் போவதில்லை. சரக்கறைகளின் மேல் மூலைகளில், மேல்தளத்துக்கு நேர் கீழே, முக்கோண வடிவில் சாய்வான தொட்டிகள் இருபுறமும் ஓடும். டாப்சைட் டேங்க் என்பது அவற்றின் பெயர். வெறும் அடித்தொட்டிகளை மட்டும் நிரப்பினால் கப்பல் தாங்கமுடியாத அளவுக்கு ஸ்டிஃப் ஆகிவிடும் என்பதால், வேண்டுமென்றே சில ஆயிரம் டன்னை உயரத்தில் தூக்கி வைக்கிறோம். இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேலஸ்ட் என்றால் அடியில் வைக்கும் கனம் என்று தமிழிலும் பிற மொழிகளிலும் அகராதிகள் சொல்கின்றன. வைக்கவேண்டிய இடத்தில், வைக்கவேண்டிய அளவில், தேவை முடிந்ததும் எடுத்துவிடக்கூடியதாக வைக்கும் கனம் என்பதே சரியான பொருள். அந்த இடம் பெரும்பாலும் அடி. ஆனால் எப்போதும் அடி அல்ல.

சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். வட ஐரோப்பியக் கடலோர மொழிகளிலிருந்து இது பரவியது என்பதில் ஐயம் இல்லை. ஆங்கிலத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். அந்தக் கடலோர மொழிகளில் லாஸ்ட் என்றால் சுமை, அதுவும் உறுதி. முதற்பகுதியில்தான் கருத்து வேறுபாடு. பழைய சுவீடிய, டேனிய வடிவமான பார்லாஸ்ட் என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பார் என்றால் வெறும், ஆகவே வெறுஞ்சுமை, சுமை என்ற தகுதி மட்டுமே உள்ள சுமை. டேனிய மொழியில் பிற்காலத்தில் அது பாக்லாஸ்ட், அதாவது பின்சுமை, என்றும் திரிந்திருக்கிறது. இது மக்கள் வாயில் தாமாகப் பொருள் கற்பித்துக்கொண்ட வடிவமாக இருக்கக்கூடும். சுவீடிய மொழியில் இன்றும் பார்லாஸ்ட் என்றே சொல்கிறார்கள் என்பதால் எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, ஆனால் இது மொழியறிஞர்கள் முடிவு செய்யவேண்டியது.

அந்த வெறுஞ்சுமை பல நூற்றாண்டுகள் கல்லாகவும் மணலாகவும் இருந்தது. இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரை நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு நிலக்கரி கொண்டுபோன பாய்மரக் கப்பல்களின் கதை, பாராதீப்பிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கப்பலின் கதையேதான். போகும்போது நிலக்கரி, திரும்பும்போது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் பாய்விரித்தால் கவிழும் என்பதால் தேம்ஸ் ஆற்றின் அடியிலிருந்து வாரிய சரளையை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை வாரி விற்கும் உரிமை 1594இல் ட்ரினிட்டி ஹவுஸ் என்ற மாலுமிகள் அமைப்புக்கு அளிக்கப்பட்டது. ஆறு ஆழமாகும், கப்பலுக்குப் பாரம் கிடைக்கும், அமைப்புக்கு வருமானம் வரும். நியூகாசில் சேர்ந்ததும் அதை ஆற்றுக்குள் கொட்டினால் ஆறு தூர்ந்துவிடும் என்று கரையில் கொட்டச் செய்தார்கள். டைன் கரையோரம் அந்தச் சரளை குன்றுகளாகவே குவிந்தது. அமெரிக்காவின் சவான்னா நகரில் ஆற்றங்கரைத் தெருவுக்குப் பாவிய கற்களும் கப்பல்கள் பேலஸ்ட்டாகக் கொண்டுவந்து இறக்கியவை. புத்திசாலி வணிகர்கள் வெறுஞ்சுமையின் இடத்தில் விலையுள்ள கனத்தை வைத்தார்கள். இந்தியாவிலிருந்து திரும்பிய ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பல்களின் அடியில், வெடிமருந்து செய்ய உதவும் வெடியுப்பு இருந்தது. துணியும் மிளகும் இலேசானவை, அவற்றின் கீழே வெடியுப்பு கனமும் கொடுத்தது, லண்டனில் காசும் கொடுத்தது.

கனம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாக்ஹோமின் வாசா என்ற போர்க்கப்பலைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றுவீச்சில் சாய்ந்து, கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. அடியில் ஏறக்குறைய 120 டன் கல் இருந்தது. மேலே இரண்டு தளம் நிறையப் பீரங்கிகள் இருந்த கப்பலுக்கு அது போதவில்லை. கூடுதலாகக் கல் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டால் கப்பல் மேலும் அமிழ்ந்து அந்தத் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். உடலமைப்பிலேயே தவறு இருந்தால் பேலஸ்ட்டால் அதைத் திருத்திவிட முடியாது. இதில் மனத்தை உறுத்துவது இன்னொன்று: புறப்படுவதற்கு முன்பே துறையில் வைத்து 30 ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் அபாயமாக ஆடவே சோதனையை நிறுத்தினார்கள். நிறுத்தியது சோதனையை மட்டும்தான். 1961இல் வாசாவைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள், இன்று அது அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கல்லை ஏற்ற ஆள் வேண்டும், இறக்க ஆள் வேண்டும், இரண்டுக்கும் நாட்கள் வேண்டும். 1852இல் டைன் ஆற்றங்கரை ஜாரோவில் கட்டப்பட்ட ஜான் போவ்ஸ் என்ற நீராவி நிலக்கரிக் கப்பலில் கடல்நீரையே பேலஸ்ட்டாகப் பயன்படுத்தினார்கள். குழாயைத் திறந்தால் தானாக உள்ளே வரும், பம்ப்பைப் போட்டால் தானாக வெளியே போகும். இன்றும் நாங்கள் அடித்தொட்டிகளை முடிந்தவரை அப்படியே, பம்ப் போடாமல், வால்வை மட்டும் திறந்து நிரப்புகிறோம். தொட்டி நிரம்பும்போது மேல்தளத்தில் இருக்கும் காற்றுக்குழாயின் வாயில் கையை வைத்தால், உள்ளிருந்து தள்ளப்படும் காற்று சேற்றுவாடையோடு உள்ளங்கையில் அடிக்கும். அந்தக் காற்று தளர்ந்தால் உள்மட்டமும் வெளிக்கடல் மட்டமும் ஒன்றாகப் போகின்றன என்று அர்த்தம், இனி பம்ப் வேண்டும். மேல்தள ஆட்களுக்குத் தலைவரான போசன், அனுபவமுள்ளவராக இருந்தால், கருவியைப் பார்க்காமல் அந்தச் சீறலைக் கேட்டே எந்தத் தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நீர் வசதியானது, ஆனால் கல் செய்யாத ஒன்றை நீர் செய்யும்: ஓடும். பாதி நிரம்பிய தொட்டியில் கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நீரும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். இந்தத் தீங்கு தொட்டியின் அகலம் × அகலம் × அகலம் என்ற கணக்கில் வளர்கிறது. அதனால் ஒரு அகலமான தொட்டியை நடுவில் ஒரு தடுப்புச் சுவரால் இரண்டாகப் பிரித்தாலே தீங்கு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நடைமுறை விதி எளியது: தொட்டி விளிம்புவரை நிரம்பியிருக்கட்டும், அல்லது காலியாக இருக்கட்டும், இடையில் நிற்பது குறுகிய நேரமாகவும் ஒரே சமயத்தில் மிகச் சில தொட்டிகளிலுமாக இருக்கட்டும். 2006 ஜூலையில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே கூகர் ஏஸ் என்ற கார் கப்பல், நடுக்கடலில் பேலஸ்ட் நீரை மாற்றிக்கொண்டிருந்தபோது ஏறத்தாழ 60 பாகை சாய்ந்துபோனது. உள்ளே 4,700க்கு மேல் புதிய கார்கள் இருந்தன. கப்பலில் இருந்த 23 பேரையும் மீட்டுவிட்டார்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பேலஸ்ட்டில் மிகப் பெரிய ஆபத்து எது என்பதை நான் கற்றுக்கொண்டது அதில்தான். சீஃப் ஆபீசரான முதல் ஆண்டு, ஒரு துறையில் சரக்கு ஏற்றிக்கொண்டே பேலஸ்ட்டை வெளியேற்றிக்கொண்டிருந்தோம். இடப்பக்க மூன்றாவது டாப்சைட் தொட்டி காலி என்று கட்டுப்பாட்டு அறையின் கருவி காட்டியது. இரவு இரண்டு மணி, மழை. ஆளை அனுப்பி அளந்து பார்க்காமல் கருவியை நம்பிவிட்டேன். விடியற்காலையில் துறைமேடையில் நின்று பார்த்தபோது கப்பல் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்திருந்தது. ஒரு பாகைதான், ஆனால் 32 மீட்டர் அகலத்தில் ஒரு பாகை என்பது இரு பக்க நீர்மட்டக் குறிகளுக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். பித்தளைக் குண்டு கட்டிய அளவுநாடாவில் சாக்கட்டியைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்கினேன். சாக்கட்டியின் வெள்ளை நெடுந்தூரம் நனைந்து கறுத்து வந்தது. உள்ளே ஏறத்தாழ 300 டன் நீர் அப்படியே இருந்தது, கருவியின் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றும்வரை ஏற்றும் வேலை நின்றது, மொத்தக் கணக்கையும் திரும்பப் போட்டோம். அன்றிலிருந்து கருவி என்ன சொன்னாலும், கையால் அளந்து நோட்டில் எழுதாத தொட்டியை நான் காலி என்று ஒப்புக்கொண்டதில்லை.

எனக்கு அது ஒரு காலைநேர அவமானத்தோடு போயிற்று. 2015 ஜனவரி 3 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்ட ஹோக் ஒசாக்கா என்ற கார் கப்பல் திருப்பத்தில் பெரிதும் சாய்ந்து மணல்திட்டில் ஏற்றப்பட்டபோது, பிரிட்டிஷ் விசாரணை கண்டது இதே வகைத் தவறு: பெரும்பாலான பேலஸ்ட் தொட்டிகளின் அளவுக் கருவிகள் வேலை செய்யவில்லை, அளவுகள் மதிப்பீடாகவே எழுதப்பட்டிருந்தன, புறப்படும் முன் நிலைத்தன்மை சரியாகக் கணக்கிடப்படவில்லை. 2014 ஏப்ரல் 16 அன்று தென் கொரியாவில் மூழ்கிய செவோல் கப்பலில் நடந்தது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது. அனுமதித்ததைவிட இருமடங்குக்கு மேல் சரக்கை ஏற்றிவிட்டு, எவ்வளவு அமிழலாம் என்பதைக் காட்டும் வெளிப்பக்கச் சுமைக்கோடு நீருக்குள் போய்க் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பேலஸ்ட் நீரைக் குறைத்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கப்பல் சரியான ஆழத்தில் மிதப்பதாகத் தெரியும், உள்ளே கனம் இடம் மாறி மேலே ஏறியிருக்கும். கடைசியில் அது கவிழ்ந்ததற்கான துல்லியமான தொடக்கக் காரணத்தில் பின்னர் வந்த விசாரணைக் குழுக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நிமிரும் வலு குறைந்த நிலையில் புறப்பட்டது என்பதில் வேறுபாடு இல்லை. 304 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா போன மாணவர்கள். கூலி தராத பாரம்தானே என்று பேலஸ்ட்டை நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நீர் பேலஸ்ட்டின் மற்றொரு தீங்கு கப்பலுக்கு அல்ல, கரைக்கு. ஒரு துறைமுகத்தின் நீரை ஏற்றினால் அதிலுள்ள முட்டைகளும் இளம் புழுக்களும் பாசியும் கிருமியும் கூடவே ஏறுகின்றன. உலர்துறையில் கப்பல் நிற்கும்போது அடித்தொட்டிக்குள் டார்ச்சோடு தவழ்ந்து போயிருக்கிறேன். கணுக்கால் அளவு நுண்சேறு படிந்திருக்கும், அதில் சிப்பி ஓடுகள் கிடக்கும். அந்தச் சேறு எந்தக் கண்டத்து ஆற்றினுடையது என்று சொல்லமுடியாது. காஸ்பியன், கருங்கடல் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பேரேரிகள் முழுவதும் பரவி ஊர்களின் குடிநீர்க் குழாய்களை அடைத்தது. அது பேலஸ்ட் நீரில் வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த, ஜெல்லிமீன் போன்ற ஒரு சீப்புச்சொறி 1980களின் தொடக்கத்தில் கருங்கடலுக்கு வந்து பெருகியது; அந்தப் பத்தாண்டின் முடிவில் அங்கே நெத்திலி மீன்பாடு விழுந்தது. அந்த வீழ்ச்சிக்கு அளவுமீறிய மீன்பிடிப்பும் காரணம் என்பதால் எல்லாப் பழியையும் அந்த உயிரின்மேல் போடுவது சரியாகாது.

நம் கரையிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் கறுத்த சிப்பி, வெப்ப அமெரிக்கக் கரைகளுக்கு உரிய இனம். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் அது பெருகியிருக்கிறது. பாய் விரித்ததுபோல ஆற்றடியை மூடிவிடுவதால் இறால் மண்ணுக்குள் புதையவும் மேயவும் இடமில்லாமல் போகிறது, இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழ்பவர்களின் பிழைப்பு அதோடு போகிறது. அது கப்பல் வழியே வந்தது என்பது வலுவான ஊகம். பேலஸ்ட் நீரிலா, கப்பலின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டா என்று பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் நடக்கக்கூடியவை. உள்நாட்டுக் கரையோரம் மட்டும் ஓடும் நிலக்கரிக் கப்பல் அதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது, ஆனால் ஒரு துறையில் வேரூன்றியதை அடுத்த துறைக்கு எடுத்துப்போக அதனாலும் முடியும். நான் வேலை செய்த ஆண்டுகளில் எத்தனை முறை அந்தத் துறையில் வால்வைத் திறந்தேன் என்று எண்ணிப் பார்க்கும்போது இது எனக்கு வேறொருவரின் பிரச்சினையாகத் தோன்றுவதில்லை.

இதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004 பிப்ரவரியில் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முதற்கட்ட வழி, கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் துறைமுக நீரை வெளியேற்றி ஆழ்கடல் நீரை ஏற்றுவது. தொட்டிக் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நீரைச் செலுத்தினால் 95 விழுக்காடு மாறிவிட்டதாகக் கொள்ளலாம். இதுவே கப்பலை இடைநிலையில் வைத்து ஆபத்தாக்கும் வேலை என்பதை மேலே கூகர் ஏஸில் பார்த்தோம். அடுத்த கட்டத்தில் கப்பலிலேயே நீரை வடிகட்டிப் புற ஊதாக் கதிராலோ, கடல்நீரிலிருந்தே மின்சாரத்தால் உண்டாக்கும் குளோரினாலோ சுத்திகரிக்கவேண்டும். வெளியேற்றும் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிர்கள் ஒரு கனமீட்டருக்கு 10க்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம். அந்தக் கருவி கலங்கலான ஆற்றுமுக நீரில் வடிகட்டி அடைத்துத் தடுமாறும் என்பதை அதை இயக்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள். விதி நல்லது, ஹூக்ளி ஆற்று நீரைக் கண்டு அது எழுதப்படவில்லை.

ரயிலுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நிலக்கரி வண்டிப் பாதைகளில், கப்பல்கள் கரையில் கொட்டிய பேலஸ்ட் சரளையையே கட்டைகளுக்கு இடையே நிரப்பினார்கள், அதனால் அந்தப் பெயர் பாதைக்கும் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். டைன் கரையின் நிலைமையைப் பார்த்தால் இது நம்பக்கூடியதுதான், ஆனால் நிறுவப்பட்ட வரலாறாக நான் இதைச் சொல்லமாட்டேன். வேலை என்னவென்று தெளிவாகத் தெரியும். சக்கரத்தின் பாரத்தைத் தண்டவாளமும் ஸ்லீப்பரும் வாங்கி ஜல்லிக்குக் கொடுக்க, ஜல்லி அதைப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கிறது. மழைநீரை வடிக்கிறது. ஸ்லீப்பரை நகரவிடாமல் பிடிக்கிறது. ஆற்றுக் கூழாங்கல் உருளும் என்பதால் உடைத்த கருங்கல்தான் வேண்டும், கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நம் நாட்டில் 65 மில்லிமீட்டர் ஜல்லி. ஸ்லீப்பரின் இரு நுனிகளுக்கும் வெளியே தோள்போலக் குவித்திருக்கும் ஜல்லி எதற்கு என்று நான் வெகுகாலம் யோசித்ததில்லை, ஒரு ரயில் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இடைவெளியின்றிப் பற்றவைத்த நீண்ட தண்டவாளம் சித்திரை வெயிலில் 30 பாகை சூடேறினால், விரிய இடமில்லாமல் அதற்குள் எழும் அழுத்தம் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 50 டன்னுக்கு மேல் போகும். அந்தப் பாதை பாம்பாக நெளிந்துவிடாமல் பக்கவாட்டில் பிடித்து நிற்பதில் பெரும்பங்கு அந்தக் கல் தோளுடையது. வீட்டு வேலைக்கென்று பாதையோரத்து ஜல்லியை அள்ளிப் போகிறவர்கள் இதை அறிந்தால் அள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சோக்கில் கனம் என்ற பொருள் முற்றிலும் உதிர்ந்து, நிலைப்படுத்துவது என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. டியூப் லைட்டுக்குள் மின்சாரம் வாயு வழியே பாய்கிறது. கம்பியைப்போல அல்லாமல், மின்னோட்டம் கூடக்கூட அந்த வாயுவின் தடை குறையும், தடை குறையக்குறைய மின்னோட்டம் இன்னும் கூடும். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் நொடியில் குழாய் கெட்டுவிடும். இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய செம்புச் சுருளான சோக், அந்த ஓட்டத்தை நாலடி டியூபில் ஏறத்தாழ 0.4 ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்துகிறது. சோக் கனமாக இருப்பதால்தான் பேலஸ்ட் என்று பெயர் வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. பிறகு வந்த எலக்ட்ரானிக் பேலஸ்ட் கையில் எடுத்தால் கனமே தெரியாது, பெயர் அதேதான். கப்பல் சாயச்சாய மேலும் சாய விரும்புவதும், வாயு ஓட்டம் கூடக்கூட மேலும் கூட விரும்புவதும் ஒரே வகை நோய், அதற்கு வைக்கும் கட்டுப்பாட்டுக்கு ஒரே பெயர் வைத்ததில் பொருத்தம் இருக்கிறது.

நண்பர் கேட்காத ஓர் இடத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் எடுத்துவிடக்கூடிய கனம் என்று நான் முன்பு சொன்னதன் முழு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. 1783 டிசம்பர் 1 அன்று பாரிஸில் ஜாக் சார்லஸும் ராபர்ட்டும் ஹைட்ரஜன் பலூனில் ஏறியபோது மணல் கொண்டுபோனார்கள். வைத்திருப்பதற்காக அல்ல, கொட்டுவதற்காக. கொட்டினால் ஏறலாம். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் பசிபிக்கின் மரியானா அகழியில், 10,900 மீட்டர் அளவு ஆழத்துக்கு இறங்கிய ட்ரியெஸ்ட் என்ற கலத்தில் டன் கணக்கில் இரும்புக் குண்டுமணிகள் இருந்தன. அவற்றைக் கொட்டிவிடாமல் பிடித்துவைத்தது மின்காந்தம். ஆழத்தில் மின்சாரம் நின்றுபோனால் காந்தம் விட்டுவிடும், இரும்பு தானாகக் கொட்டும், கலம் தானாக மேலே வரும். பேலஸ்ட்டை இவ்வளவு அழகாகப் புரிந்துகொண்ட வேறோர் ஏற்பாட்டை நான் அறியேன்.

தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு வரியில் கேட்டிருந்தார். அடிப்பாரம் என்ற சொல் டாப்சைட் தொட்டிக்கும் சோக்குக்கும் பொருந்தாது. நிலைப்பாரம் என்பது கப்பல், பலூன், நீர்மூழ்கி மூன்றுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. ரயிலுக்கு ஜல்லி என்ற சொல்லே இருக்கிறது, மின்விளக்குக்குச் சோக் இருக்கிறது, அவற்றை மாற்றத் தேவையில்லை. தூத்துக்குடியில் அடுத்த முறை நிலக்கரிக் கப்பலைப் பார்க்கும்போது முகப்பிலும் பின்பக்கத்திலும் செங்குத்தாக எழுதியிருக்கும் எண்களைக் கவனியுங்கள். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் எழும்பிக்கொண்டிருக்கும், பிறகு ஒரு கட்டத்தில் எழும்புவது நிற்கும். மேலே நிலக்கரி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கப்பல் எழும்பாமல் நின்றால், யாரோ ஒரு சீஃப் ஆபீசர் உள்ளே வால்வைத் திறந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.